புதுப்பிப்பு: சிறுநீர் அடைத்த காளைக்கன்று

சிறுநீர் கழிக்க முடியாமல் எங்கள் காளைக்கன்று முக்கிக்கொண்டே நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன், கன்று பிழைத்துவிட்டது. ஆண்குறி இரட்டையாக வளையும் இடத்தில் கல் சிக்கியிருந்ததால், கால்நடை மருத்துவர் அடிவயிற்றில் சிறு கீறலிட்டு, சிறுநீர்ப்பைக்குள் ஃபோலி எனும் சிறுநீர் வடிகுழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை உப்பவைத்துத் தையல் போட்டார். குழாய் வழியே சிறுநீர் சொட்டத் தொடங்கியதும் கன்று படுத்து அசைபோட்டது.

சிறுநீர்ப்பை வெடித்துவிட்டாலும் முக்கல் நின்று, மாடு தேறியதுபோலவே தோன்றும் என்பதால், அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

சிறுநீரை அமிலமாக்கிப் பாஸ்பேட் கற்களைக் கரைக்கும் அம்மோனியம் குளோரைடை, மருத்துவர் சொன்ன அளவில் வெல்லத்துடன் உருட்டிக் கொடுத்தோம். பிறகு மருத்துவர் குழாயை அவ்வப்போது கவ்வியால் அடைத்துப் பார்த்து, இயல்பான வழியில் சிறுநீர் தாரையாக வந்த பின்னரே அதை அகற்றினார். பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டைக் குறைத்து, பசுந்தீவனத்தையும் தண்ணீரையும் கூட்டியிருக்கிறோம்.