ஷேர் டெலிவரிக்கு (வாங்கி கணக்குல வச்சிருந்து அப்புறமா விக்கிறது) மட்டும் எந்த புரோக்கர் நல்லது?

மன்னார்குடி பக்கம் இருக்கேன். இப்ப வச்சிருக்க புரோக்கரோட ஆப் காலைல 9.15க்கு மார்க்கெட் தொறந்ததும் அப்படியே நிக்குது, செல் ஆர்டர் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு, தீபாவளிலேர்ந்து இதே கதைதான். சிம் மாத்தி, வைஃபைல போட்டு, ஆப்ப அழிச்சு திரும்ப ஏத்தி, லேப்டாப்லயும் பாத்தாச்சு. கஸ்டமர் கேர்ல கேட்டா நெட்ட செக் பண்ணுங்கங்குறாங்க.

நான் அன்னைக்கே வாங்கி விக்கிற இன்ட்ராடே, ஆப்ஷன் எதுவும் பண்றதில்ல. சம்பா அறுத்து காசு வந்தா டெலிவரில வாங்குவேன், அடுத்த நடவு செலவுக்கு விப்பேன், அந்த நேரத்துல விக்க முடியலன்னா ஆள் கூலிக்கே திண்டாட்டம். ஷேரெல்லாம் சிடிஎஸ்எல்ல (ஷேர டிமேட்டா வச்சிருக்க டெபாசிட்டரி) இருக்கு, அவங்களோட ஈஸியஸ்ட் ஆன்லைன் சேவை வழியா வேற புரோக்கருக்கு மாத்திக்கலாம். செரோதாங்கிற ஆன்லைன் புரோக்கர்ல டெலிவரிக்கு புரோக்கரேஜ் (கமிஷன்) இல்ல, பேங்க் புரோக்கர்னா கமிஷன் கூட, ஆனா தஞ்சாவூர் போயி நேர்ல கேக்கலாம்.

டெல்டால ரெண்டுல எதையாவது வச்சிருக்கவங்க சொல்லுங்க, காலைல மார்க்கெட் தொறந்ததும் தடங்கல் இல்லாம விக்க முடியிறது எதுல?