கால்பேக்குக்கு மாக் டெஸ்ட்: பயனா, பாவ்லாவா?

கடலைமிட்டாய்:
ஆண்ட்ராய்டு, கோட்லின் மொழி, சர்வர்கிட்ட பேச ரெட்ரோஃபிட் லைப்ரரி. பஸ் நேரம் காட்டுற சின்ன ஆப். ஒரு ரிக்வெஸ்டைக் குறிக்கிற ரெட்ரோஃபிட்டோட கால் (Call) ஆப்ஜெக்டை மொக்கிட்டோ லைப்ரரியில் மாக் பண்ணிடுவேன், அதாவது நான் சொன்னபடி நடிக்கிற போலியை வெச்சிடுவேன். ரிக்வெஸ்டை அனுப்புற என்க்யூவைக் கூப்பிட்டதும், போலி என்ன செய்யணும்னு சொல்ற டூஆன்சர் வழியா, கால்பேக்கோட (முடிவு தெரிஞ்சதும் ஓடுற கோட்) ஆன்ரெஸ்பான்ஸையோ ஆன்ஃபெயிலியரையோ நானே கூப்பிட்டுடுவேன். மொத்தம் 38 டெஸ்ட், எல்லாம் பச்சை (பாஸ்). புதுசா வந்த டீம் லீட் "இது டெஸ்டே இல்லப்பா, கண்ணாடி முன்னாடி நின்னு உனக்கு நீயே வணக்கம் வெச்சுக்கிற"ன்னு சொல்லி எல்லாத்தையும் தூக்கச் சொல்றார். நியாயமா?

சுக்குகாப்பி:
ஒரே ஒரு கேள்வி தம்பி. சர்வர் 500 (சர்வருக்குள்ள கோளாறு) அனுப்புதுன்னு வைங்க. அந்த டெஸ்டுல எந்த மெத்தடைக் கூப்பிட்டிருக்கீங்க?

கடலைமிட்டாய்:
ஆன்ஃபெயிலியர்தான். எரர் ஆச்சே?

சுக்குகாப்பி:
லீட் சொன்னது அதுதான். ரெட்ரோஃபிட்டுக்கு 404 (கேட்டது இல்ல), 500 எல்லாமே ஆன்ரெஸ்பான்ஸ்தான். பதில்னு ஒண்ணு வந்துடுச்சில்ல? வெற்றியான்னு சொல்ற இஸ்சக்சஸ்ஃபுல் பொய்யா இருக்கும், பதிலோட உள்ளடக்கமான பாடி நல் (null, ஒண்ணுமே இல்ல), அவ்வளவுதான். நெட் இல்ல, டைம்அவுட், சர்வர் அனுப்பின ஜேசன் டேட்டாவைப் பிரிக்க முடியல, இந்த மாதிரி நேரத்துலதான் ஆன்ஃபெயிலியர் வரும். நீங்க கால்-ஐ கேன்சல் பண்ணாலும் அங்கதான் வரும். திரையை மூடிட்டுப் போனவருக்கு "நெட்வொர்க் பிழை"ன்னு டோஸ்ட் (குட்டி அறிவிப்பு) காட்டுற ஆப் இப்படித்தான் பிறக்குது. உங்க மாக்குக்கு நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிக் கொடுத்தீங்க, அது கிளிப்பிள்ளையா திருப்பிச் சொல்லிடுச்சு. பச்சை வராம என்ன வரும்?

நைட்ஷிப்ட்:
அண்ணே, அது மாக்கோட குத்தமா, கால்-ஐ மாக் பண்ணவர் குத்தமா? மாக் ஆப்ஜெக்டைப் பத்தி முதல்ல எழுதின ஸ்டீவ் ஃப்ரீமன், டிம் மெக்கின்னன் கூட்டமே, உனக்குச் சொந்தமான டைப்பை மட்டும் மாக் பண்ணுன்னு 2004லயே எழுதிட்டாங்க. ரெட்ரோஃபிட் நம்ம வீட்டுப் பிள்ளை இல்ல. நடுவுல சொந்தமா ஒரு இன்டர்ஃபேஸ் வெச்சு அதை மாக் பண்ணட்டும்.

மாக் இல்லாம கஷ்டப்படுற இடம் ஒண்ணு சொல்றேன். தேடல் பெட்டியில "மது"ன்னு அடிக்கிறார், ஒரு ரிக்வெஸ்ட் போகுது. "மதுரை"ன்னு முடிக்கிறார், இன்னொண்ணு போகுது. இரண்டாவது பதில் முதல்ல வந்து, முதல் பதில் ஆற அமர பின்னாடி வந்தா? திரையில மதுராந்தகம் பஸ் நிக்கும். மாக்குக்கு வந்ததைப் பிடிச்சு வைக்கிற மொக்கிட்டோவோட ஆர்க்யுமென்ட்கேப்டர்ல ரெண்டு கால்பேக்கையும் பிடிச்சு, கெட்ஆல்வேல்யூஸ்ல எடுத்து, ரெண்டாவதை முதல்லயும் முதலாவதை அப்புறமும் கூப்பிட்டா முடிஞ்சுது. நாலு வரி, ஒவ்வொரு தடவையும் அதே வரிசை. கெட்வேல்யூ போட்டுடாதீங்க, கடைசியா பிடிச்சது மட்டும்தான் கிடைக்கும். எனக்கு அரை நாள் அதுல போச்சு.

சுக்குகாப்பி:
உதாரணம் அருமை. ஆனா அதுக்கு மொக்கிட்டோ எதுக்கு? கால்பேக்கை ஒரு லிஸ்டுல போட்டு வெச்சுக்கிற ஃபேக் கிளாஸ், பத்து வரி, கையாலயே எழுதலாம்.

நைட்ஷிப்ட்:
கேப்டரையே கையால எழுதிட்டு மாக் வேணாம்னு சொல்றீங்க. பெட்டிக்கடைக்குப் பேரை மாத்தி சூப்பர் மார்க்கெட்னு போர்டு மாட்டின கதை.

சுக்குகாப்பி:
இல்ல. மெத்தடுக்கு இன்னொரு பாராமீட்டர் சேர்த்தா ஃபேக்ல ஒரு இடம்தான் மாறும். வெரிஃபை (மெத்தடைக் கூப்பிட்டாங்களான்னு பார்க்கிற வரி) தெளிச்சு விட்ட 38 டெஸ்டும் ஒண்ணா சிவக்கும், அதாவது ஃபெயிலாகும்.

அதைவிட ஆபத்து டூஆன்சர். என்க்யூ திரும்புறதுக்கு முன்னாடியே கால்பேக் ஓடி முடிஞ்சுடும். எங்க டீம்ல ஒரு பையன் கால்பேக்குள்ள லிஸ்டை நிரப்பிட்டு, என்க்யூவுக்கு அடுத்த வரியிலேயே அதை எடுத்துக் காட்டினான். டெஸ்ட் பச்சை. போன்ல வெறும் வெள்ளைத் திரை.

நைட்ஷிப்ட்:
டூஆன்சர் விஷயத்துல உங்க பக்கம்தான். நானும் அதை விட்டுட்டேன், கேப்டர் மட்டும்தான்.

ஒத்தையடிப்பாதை:
ரெண்டு பேரும் சர்வரையே பேசுறீங்க. நான் பிளூடூத் கருவிக்கு ஆப் எழுதுறேன். கனெக்ட் ஆகும்போது ஸ்டேட்டஸ் 133ன்னு ஒரு எரர் வரும், எப்ப வரும்னு ஆண்டவனுக்கே வெளிச்சம். அதை மேசையில வரவழைக்க நான் எங்க போறது? கருவியோட இணைப்பைக் கையாள்ற பிளூடூத்கேட் (BluetoothGatt) ஃபைனல் கிளாஸ் வேற, அதுலேருந்து இன்னொரு கிளாஸை உண்டாக்க முடியாது. பழைய மொக்கிட்டோவில் தனி அமைப்பு இல்லாம மாக்கே பண்ண முடியாது, 2023ல வந்த 5ஆம் பதிப்புலதான் அது இயல்பாச்சு. நான் அதைச் சுத்தி இன்டர்ஃபேஸ் கட்டி, 133ஐ மாக் வழியாத்தான் அனுப்புறேன். சோறு போடுறது அதுதான்.

சுக்குகாப்பி:
வேற வழி இல்லாத இடம், ஒத்துக்கறேன். ஆனா எச்டிடிபிக்கு மாக்வெப்சர்வர் இருக்கே. பேர்ல மாக் இருந்தாலும் அது நம்ம மெஷின்லயே ஓடுற நிஜ சர்வர். 500 அனுப்புன்னா அனுப்பும், ரெட்ரோஃபிட் என்ன செய்யுதுன்னு நிஜமாத் தெரியும்.

நைட்ஷிப்ட்:
அதுலயும் குழி இருக்கு, தம்பி கவனிச்சுக்கோ. ஜேவிஎம்ல (போன் இல்லாம கம்ப்யூட்டர்ல டெஸ்ட் ஓட்டும்போது) கால்பேக் வேற த்ரெட்ல வரும்; கவுண்ட்டவுன்லேட்ச் போட்டுக் காத்திருக்கலேன்னா டெஸ்ட் முன்னாடியே முடிஞ்சு பச்சை காட்டிடும். அசெர்ட்டை (முடிவு சரியான்னு பார்க்கிற வரி) கால்பேக்குள்ள வெச்சா இன்னும் மோசம். அது வீசுற எரரை ரெட்ரோஃபிட்டே பிடிச்சு, ஸ்டேக் ட்ரேஸை அச்சடிச்சுட்டு அமுக்கிடும். வந்ததை ஒரு வேரியபிள்ல வெச்சுட்டு வெளியில வந்து சரிபார்.

கடலைமிட்டாய்:
நேத்து ராத்திரி மாக்வெப்சர்வர்ல 500 வெச்சு ஓட்டினேன். லேட்ச் ரெண்டு செகண்ட் காத்திருந்து தோத்துச்சு. கன்சோல்ல நல் பாயின்ட்டர் எரர். பாடிக்குப் பின்னாடி ரெண்டு ஆச்சரியக்குறி ("இது நல் இல்ல"ன்னு கோட்லினுக்குக் கொடுக்கிற உறுதி) போட்டிருந்தது நான்தான். போன்ல கால்பேக் மெயின் த்ரெட்ல ஓடுறதால அமுக்க ஆள் இல்ல, ஆப் நேரா விழுது. 38ல 11 டெஸ்ட் இந்த ரகம், அதைத் தூக்கிட்டேன். தேடல் டெஸ்டை நைட்ஷிப்ட் அண்ணன் சொன்னபடி எழுதினேன், அதுவும் சிவப்பு. மதுராந்தகமேதான்.

சுக்குகாப்பி:
அப்படியே 204 (வெற்றி, ஆனா உள்ளடக்கம் இல்ல) ஒண்ணு வெச்சுப் பாருங்க. இஸ்சக்சஸ்ஃபுல் உண்மைன்னு வரும், பாடி அப்பவும் நல்தான்.

கடலைமிட்டாய்:
அதுவும் விழுது.