அக்குபஞ்சர் கிளினிக்: பதிவு யாரிடம், பாலிசி கிடைக்குமா? (தருமபுரி)

தகடூரான்
வணக்கம். தருமபுரி பென்னாகரம் ரோட்டில் ஒரு கடை பிடித்து அக்குபஞ்சர் கிளினிக் திறக்கிற யோசனை. கையில் இருப்பது ஒரு வருட டிப்ளமா மட்டும்தான். நகராட்சி தொழில் உரிமமும் உத்யம் சான்றிதழும் வாங்கினால் போதும், 'மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது' என்று போர்டு வைக்கலாம் என்கிறார்கள். சரியா? ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் கைகொடுக்க பாலிசி உண்டா? வருகிறவர்கள் மெடிக்ளெய்முக்கு பில் கேட்டால் கொடுக்கலாமா?

சவுளுப்பட்டி சார்
அந்த போர்டை எழுதக் கொடுக்காதீங்க. மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25 ஆணையில் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை வழியாக ஏற்றது. பதிவு பெற்ற மருத்துவரோ, முறையாகப் பயிற்சி பெற்றவரோ செய்யலாம் என்றது. சுகாதார ஆய்வுத் துறை 2019 பிப்ரவரி 21-ல் தனிச் சிகிச்சைமுறையாகவே ஏற்றது. ஏற்றது முறையை. உங்க டிப்ளமாவையோ உங்க கடையையோ அல்ல. உத்யம் என்பது ஆதாரை வைத்து நாமே நிரப்புகிற சிறுதொழில் பதிவு, மாவு மில்லுக்கும் அதேதான்.

மேற்கு வங்கத்தில் 1996-லும் மகாராஷ்டிரத்தில் 2015-லும் அக்குபஞ்சருக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு கவுன்சில் கிடையாது. 'பம்பாய் பதிவு வாங்கித் தர்றேன்' என்று வரும் தரகரிடம் பணம் கட்டினால், அது அங்கே தொழில் செய்யத்தான் உதவும்.

இங்கே கிளினிக் என்றால் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம். மாவட்டத்தில் ஜே.டி. ஆபீஸ், அதாவது மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்தான் பதிவு இடம். படிவத்தில் பொறுப்பு மருத்துவரின் பதிவு எண் கேட்கும் இடத்தில்தான் டிப்ளமாக்காரர் நின்றுவிடுவார். நேர்வழி, பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) முடித்துப் பதிவு செய்த இயற்கை மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து நடத்துவது. அவர்கள் பாடத்திட்டத்திலேயே அக்குபஞ்சர் உண்டு. பெயரை மட்டும் வாடகைக்கு வாங்காதீங்க, அவர் நிஜமாகவே உட்கார வேண்டும்.

பெயருக்கு முன் 'டாக்டர்' வேண்டாம். அக்குபஞ்சர் புள்ளியில் பி12 மருந்தை ஊசியில் ஏற்றுவது, மாத்திரை கொடுப்பது, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வது எதுவும் கூடாது. பதிவில்லாமல் அலோபதி செய்தால் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் பிரிவு 34: ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு' என்று நோட்டீஸ் அடித்தால் அதற்கு 1954-ஆம் ஆண்டு விளம்பரச் சட்டம் தனியாக இருக்கிறது.

கேஆர்பி டேம்
இன்சூரன்ஸ் பக்கம் நான் சொல்றேன்.

ஏஜென்ட் முதலில் கடைக்காரர் பாலிசியைத்தான் நீட்டுவார். யாராவது படியில் வழுக்கி விழுந்தால், கடையில் தீப்பிடித்தால் அது உதவும். ஊசியால் வந்த காயத்துக்கு ஒரு பைசா வராது. நீங்க கேட்க வேண்டியது புரொஃபஷனல் இண்டெம்னிட்டி, அதாவது தொழிலில் நேரும் தவறுக்கு இழப்பீடு தருகிற பாலிசி. மருத்துவர்களுக்கான அந்தப் படிவத்திலும் 'பதிவு எண்' கட்டம் இருக்கும். அதில் டிப்ளமா சான்றிதழ் எண்ணை எழுதிவிட்டு, பாலிசி வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. பிரீமியம் வாங்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள், கிளெய்ம் வரும்போதுதான் கேட்பார்கள். 'இன்ன தகுதி, பதிவு இல்லை, ஊசி, மோக்ஸா (மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது), கப்பிங் (கப் வைத்துத் தோலை உறிஞ்சுவது), மின்தூண்டல் (ஊசியில் மெல்லிய மின்சாரம் விடுவது) செய்கிறேன்' என்று கடிதமாகவே கொடுத்து, ஏற்கிறோம் என்ற பதிலை எழுத்தில் வாங்குங்க. மறுத்தால் அதுவும் நல்ல தகவல்தான்.

பாலிசி கைக்கு வந்ததும் இரண்டு இடம் பாருங்க. ஒன்று, ஒரு சம்பவத்துக்கான இழப்பீட்டு வரம்புக்கும் ஒரு வருட வரம்புக்கும் உள்ள விகிதம். வருட வரம்பு 10 லட்சம், விகிதம் 1:4 என்றால் ஒரு சம்பவத்துக்கு 2.5 லட்சம்தான், வக்கீல் செலவும் பெரும்பாலும் அதற்குள்ளேயே. 1:1 கேளுங்க. இன்னொன்று முன்தேதி (ரெட்ரோஆக்டிவ் டேட்), அதாவது எந்த நாளிலிருந்து செய்த சிகிச்சைக்கு கவர் என்ற தேதி. இந்தப் பாலிசி புகார் வரும் நாளைப் பார்க்கும். 2025 மார்ச்சில் போட்ட ஊசிக்கு 2026 ஜூலையில் நோட்டீஸ் வந்தால், ஜூலையில் பாலிசி உயிரோடு இருக்கணும், முன்தேதியும் மார்ச்சுக்கு முந்தியதாக இருக்கணும். புதுப்பிக்கும்போது இடைவெளி விட்டால் புதிய முன்தேதி போட்டுவிடுவார்கள், பழைய நோயாளிகள் எல்லாம் வெளியே. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் இருக்கிறது என்பதை மறக்காதீங்க.

எங்கே தவறுகிறது? தோள்மேட்டிலும் மேல்முதுகிலும் ஒல்லியான ஆளுக்கு 40 மி.மீ. ஊசியைச் செங்குத்தாக இறக்கினால் நுரையீரல் உறை வரை போகும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அந்த இடத்தில் 25 மி.மீ. ஊசி, சாய்வாக, ஆழமில்லாமல். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு மோக்ஸா சூடு தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் தெரியும். பேஸ்மேக்கர் இருப்பவருக்கு மின்தூண்டல் வேண்டவே வேண்டாம். கேஸ் ஷீட்டில் போட்ட ஊசி எத்தனை, எடுத்தது எத்தனை என்று எழுதி, பாக்கெட்டின் லாட் எண் ஸ்டிக்கரை ஒட்டி, தமிழிலேயே சம்மதக் கையெழுத்து வாங்குங்க. வழக்கு வந்தால் உங்க பக்கம் பேசுவது அந்தத் தாள்தான்.

ஓசூர் பார்டர்
ஊசிக் கழிவையும் சேர்த்துக்கோங்க. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள் படுக்கை இல்லாத இடத்துக்கும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் படிவம் 2-ல் விண்ணப்பம். படுக்கை இல்லாதவருக்கு ஒருமுறை அனுமதி போதும். ஊசி வெள்ளை நிறக் குத்தாத டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். தண்ணீர் பாட்டிலில் ஊசியைப் போட்டு நகராட்சி வண்டியில் கொடுப்பதைத்தான் நிறைய இடத்தில் பார்க்கலாம், துப்புரவுப் பணியாளர் கையில்தான் குத்தும். கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்கள் அத்திப்பள்ளியில் கிளை போட்டால் அது கர்நாடகம். அங்கே 2007 சட்டத்தில் தனிப் பதிவு.

தகடூரான்
நன்றி சார். மெடிக்ளெய்ம் பில் மட்டும் பாக்கி.

கேஆர்பி டேம்
பில் கொடுங்க, 'கிளெய்ம் வரும்' என்று சொல்லாதீங்க. சாதாரண பாலிசி 24 மணி நேரம் படுக்கையில் சேர்ந்த சிகிச்சைக்கு. நீங்க செய்வது வந்து போகிற சிட்டிங். ஆயுஷ் கவர் என்பதும் ஆயுர்வேதம், யோகா-இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, ஹோமியோபதிக்கு. தனியார் ஆயுஷ் மருத்துவமனை என்றாலும் குறைந்தது 5 படுக்கையும் 24 மணி நேரமும் பொறுப்பில் ஆயுஷ் மருத்துவரும் வேண்டும். போதாக்குறைக்கு விலக்கு எண் 16, நிரூபிக்கப்படாத சிகிச்சை, பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. பில்லில் 'அக்குபஞ்சர், 10 சிட்டிங்' என்று தேதிவாரியாக உள்ளதை உள்ளபடி எழுதுங்க. 'பிசியோதெரபி' என்று மாற்றி எழுதித் தரச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் அது மோசடி, கையெழுத்து உங்களுடையது.