கரண்டு போனா பாம்புக்கு எப்படிச் சூடு குடுக்க?

மக்களே, ஒரு உதவி. கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள வீடு. மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணின பால் பைத்தான் (ball python, பந்து மாதிரி சுருளுற வெளிநாட்டு மலைப்பாம்பு) ஒண்ணு வளர்க்கேன். ஐப்பசி மழையில ராத்திரி குளிரும், கரண்டும் போயிரும். சூட்டை ஒரே அளவுல நிறுத்துற தெர்மோஸ்டாட் வச்ச ஹீட் மேட் (கரண்டுல சூடாகுற விரிப்பு) 31 டிகிரியில நிக்கும். கரண்டு போனா விடியுமுன்ன பெட்டி 22க்கு இறங்கிருது. போன வாரம் எலி குடுத்த மறுநாளே இப்படி ஆகி, பாதி செரிச்சதைக் கக்கிட்டு. சூடு இல்லாம அதுக்குச் செரிக்காதுல்லா. தலையை உடம்புக்குள்ள பொதிஞ்சு சுருண்டு கிடக்கதைப் பார்த்தா மனசு பொறுக்கல. மூச்சுல சத்தமோ வாயில நுரையோ இல்ல. நெஞ்சுல சளி கட்டிருமோன்னு பயமா இருக்கு.

சுடுதண்ணி பாட்டிலைத் துண்டுல சுத்தி வைக்கேன், சீக்கிரம் ஆறிருது. சின்ன இன்வெர்ட்டர்ல ஹீட் மேட் ராத்திரி முழுக்க ஓடுமா? பெட்டியைச் சுத்தித் தெர்மோகோல் ஒட்டலாமா? அடுத்த எலி எத்தனை நாள் கழிச்சுக் குடுக்கணும்? நாகர்கோவில் பக்கம் பாம்பு பார்க்கிற கால்நடை டாக்டர் இருந்தாலும் சொல்லுங்க.