வங்கியின் மென்பொருள் பிரிவில் நேர்காணல்: தொழில்நுட்பச் சுற்றுக்கு எதைப் படிப்பது?

தரமணிவாசி:
வணக்கம். சென்னையில் ஒரு சேவை நிறுவனத்தில் நான்கரை ஆண்டுகளாக ஜாவா மொழியும் அதற்கான ஸ்பிரிங் பூட் கட்டமைப்பும் கொண்டு வேலை செய்து வருகிறேன். இங்கே மென்பொருள் மையம் வைத்திருக்கும் ஒரு பெரிய வெளிநாட்டு வங்கிக்கு விண்ணப்பித்து, இணையவழி நிரல் தேர்வைத் தாண்டிவிட்டேன். வரும் வியாழக்கிழமை தொழில்நுட்பச் சுற்று. லீட்கோடு என்ற நிரல் பயிற்சித் தளத்தில் இருநூறு கணக்குகளுக்கு மேல் போட்டிருந்தாலும், வங்கித் துறைக்காக இதுவரை ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. வங்கிக்காரர்கள் கேட்கும் கேள்விகள் மற்ற நிறுவனங்களிலிருந்து வேறுபடுமா? வட்டி, கடன் போன்றவற்றையும் படித்துக்கொண்டு போக வேண்டுமா?

கூடுவாஞ்சேரிக்காரர்:
சென்ற ஆண்டு இதே போன்ற ஒரு வங்கியில் சேர்ந்தேன். வட்டிக் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் பெரும்பகுதி ஒரே கேள்வியில் கழிந்தது: ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் மாற்றும் மெத்தடை (நிரல் துண்டை) எழுதுங்கள் என்றார்கள். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பின்னர்தான் நேர்காணலே தொடங்கியது.

தொகையை டபுள் என்ற தோராயமான தசம எண் வகையில் வைத்திருந்தேன். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் என்ன வரும் என்று நேர்காணல் செய்தவர் கேட்டார்; 0.30000000000000004 என்று சொல்லிவிட்டு நானே தசமத்தைத் துல்லியமாக வைத்திருக்கும் பிக்டெசிமலுக்கு மாற்றினேன். அப்படியானால் 2.0-உம் 2.00-உம் சமமா என்றார். ஒப்பிடும் மெத்தடுகளில் ஈக்குவல்ஸ் தசம இடங்களின் எண்ணிக்கையையும் பார்ப்பதால் சமமில்லை என்று சொல்லும், கம்பேர்டு சமம் என்று சொல்லும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அடுத்து, முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்கும் அதே நொடியில் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கும் பணம் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். இரண்டு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகளும்) ஆளுக்கொரு கணக்கின் பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காகக் காத்துக் கிடக்கும் என்பதால், எந்தத் திசையில் பணம் போனாலும் சிறிய கணக்கு எண்ணையே முதலில் பூட்ட வேண்டும் என்றேன். மகிழ்ந்துபோயிருக்கும்போதே, "இந்த நிரல் நான்கு சர்வர்களில் ஓடினால் உங்கள் பூட்டு எதற்கு உதவும்?" என்றார். என் பூட்டு ஒரே சர்வருக்குள்தான் செல்லும் என்பதால், அங்கிருந்து பேச்சு தரவுத்தளத்தில் அந்தக் கணக்கின் பதிவையே பூட்டும் வரிசைப் பூட்டுக்கு (ரோ லாக்) போனது.

தாமிரபரணி:
நான் தேறாத கதையையும் கேளுங்கள். பணம் பிடிக்கச் சொல்லி வேறொரு சர்வருக்கு அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வராமல் நேரம் கடந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மறுபடி அனுப்புவேன் என்றேன். "வாடிக்கையாளரின் வீட்டு வாடகையை இரண்டு முறை எடுத்துவிட்டீர்களே" என்றார் எதிரே இருந்த அம்மையார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதைப் பணம் பிடிக்கும் பரிவர்த்தனையிலேயே சேர்த்துப் பதிந்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய விடையையே அனுப்ப வேண்டும் என்பது வீட்டுக்கு வரும் வழியில், ரயிலில்தான் எனக்கு உறைத்தது. ஐசொலேஷன் நிலைகளையும் (ஒரே நேரத்தில் நடக்கும் பரிவர்த்தனைகளில் ஒன்றின் மாற்றத்தை மற்றது எவ்வளவு பார்க்கலாம் என்பது) பாருங்கள்: தரவுத்தளங்களில் ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் இயல்பு நிலை ரீட் கமிட்டெட் (உறுதியான மாற்றங்களை மட்டும் பார்ப்பது), மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் ரிப்பீட்டபிள் ரீட் (பரிவர்த்தனை முடியும்வரை முதலில் படித்ததையே பார்ப்பது). ஆரக்கிள் நன்கு தெரியும் என்று சுயவிவரத்தில் எழுதி வைத்திருந்த எனக்கு அதுவும் தெரியவில்லை. (முடிவைச் சொல்ல ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார்கள், அது வேறு வருத்தம்.)

மேசைக்கு அந்தப்பக்கம்:
நான் நேர்காணல் செய்பவன். ஸ்பிரிங் எழுதுபவர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: ஒரே பரிவர்த்தனையாக நடக்கச் சொல்லும் டிரான்சாக்ஷனல் குறி போட்ட மெத்தடிலிருந்து செக்டு எக்ஸெப்ஷன் (ஜாவா கட்டாயம் கையாளச் சொல்லும் பிழை) வெளியே வந்தால், இயல்பாக ரோல்பேக் ஆகாது (மாற்றங்கள் திரும்பப் பெறப்படாது), கமிட் ஆகிவிடும் (பதிவாகிவிடும்). நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அதைவிட முக்கியமாக, உங்கள் பழைய புராஜெக்டில் நள்ளிரவு மென்பொருள் வெளியீடு கெட்டுப்போனால் என்ன செய்தீர்கள் என்பதைத் துருவிக் கேட்போம். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது லட்சக்கணக்கானோர் தம் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அவ்வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. எங்கள் துறையின் அச்சம் அது. "அது சப்போர்ட் டீமின் வேலை" என்று பதில் சொல்பவரின் நிரல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குத் தயக்கம்தான்.

தரமணிவாசி:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு இரண்டு கணக்குகளை வைத்து வேண்டுமென்றே டெட்லாக் (நீங்கள் சொன்ன, ஒன்றுக்காக மற்றது காத்துக் கிடக்கும் முடக்கம்) உண்டாக்கி, த்ரெட்களின் நிலையைக் காட்டும் ஜேஸ்டாக் கருவியில் அதைப் பார்த்துவிட்டு, எண் வரிசையில் பூட்டிச் சரிசெய்தேன். எனக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட். அதை எப்போது சொல்வது?

கூடுவாஞ்சேரிக்காரர்:
வங்கியிலிருந்து வரும் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வங்கிகளில் பின்னணிச் சரிபார்ப்பு கறாராக நடக்கும் என்பதால் பழைய நிறுவனத்தின் ரிலீவிங் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். விவரம் ஆகியவற்றில் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று இப்போதே பாருங்கள். எனக்கு ஒரு நாள் வித்தியாசத்துக்காக இரண்டு வாரம் இழுத்தார்கள்.