அகநானூறு 70: அந்த மீன் பங்கும் தனுஷ்கோடி ஆலமரமும், புலவர் நினைத்துத்தான் வைத்தாரா?

தொண்டி டீச்சர்:
மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய பாட்டு இது. நெய்தல் திணை, தோழி தலைவியிடம் பேசுகிறாள். செய்தி சின்னதுதான். துறைவன், அதாவது கடற்கரைத் தலைவன், நம்மோடு பழகியதை ஊர்ப்பெண்கள் தூற்றினார்கள், எல்லாருக்கும் தெரிந்துபோனது. இப்போது கல்யாணம் கூடியதும் ஊர் வாயடைத்துவிட்டது. எப்படியென்றால், பாண்டியரின் பழைய கோடியில், கடல் முழங்கும் துறையில், "வெல்போர் இராமன் அருமறைக்கு அவித்த பல்வீழ் ஆலம் போல". இராமன் ரகசியம் பேசவேண்டி, சத்தம் அடங்கிய ஆலமரம். அந்தக் கோடியைத் தனுஷ்கோடி என்று கொள்வது வழக்கம். அதனால் இது நம்ம கரைப் பாட்டு.

துறைவனைச் சொல்லும் இடத்தில், நல்ல வேட்டை வாய்த்த பரதவர் வலையைப் பாராட்டி, கொழுத்த அயிலை மீனைப் பகுத்துக்கொள்ளும் துறைக்கு உரியவன் என்கிறார். இதை நான் உள்ளுறை, அதாவது நிலக்காட்சிக்குள் மறைத்து வைத்த ஒப்புமை என்று படிக்கிறேன். கிடைத்ததை நாலு பேரோடு பங்கிடும் கரையில் பிறந்தவன் தன் காதலையும் ஒளித்தே வைத்திருக்க மாட்டான், ஊரறியக் கொள்வான் என்பது குறிப்பு. வகுப்பில் சொன்னால், "புலவர் அப்படி நினைத்தார் என்று எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாம்பன் படகுக்காரன்:
பிள்ளைகள் கேட்பது நியாயம் டீச்சர். நாங்கள் படகுக் குடும்பம். மீன் கரைக்கு வந்தால் பங்கு வைத்தாக வேண்டும். படகுக்கு, வலைக்கு, கடலுக்குப் போன ஆளுக்கு என்று பங்கு உண்டு. வலைக்கே பங்கு இருக்கும்போது அதைப் பாராட்டாமல் என்ன செய்வார்கள்? புலவர் கரைக்கு வந்தார், கண்டதை எழுதினார். அதற்குள் ஒரு காதல் குறிப்பைத் தேடினால் எங்கள் உழைப்பு உங்கள் கதைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை ஆகிவிடுகிறது. மீனை மீனாக விடுங்கள்.

கீழக்கரை வாசகி:
அண்ணே, மீன் மீனாகவே இருக்கட்டும். இல்லையென்றால் உள்ளுறையே நிற்காது. தொல்காப்பியம் உள்ளுறைக்கு நிலமாகச் சொல்வது கருப்பொருளை, அதாவது ஒரு நிலத்துக்கே உரியவற்றைத்தான், அதிலும் தெய்வத்தை நீக்கிவிட்டு. அந்தந்த நிலத்தின் உயிர், செடி, தொழில் எல்லாம் உண்மையாக இருந்தால்தான் அதன் அடியில் இன்னொரு பொருள் தங்கும்.

கடுவன் மள்ளனார் கண்ட கரையில் நண்டும் ஓடியிருக்கும், வலையும் காய்ந்திருக்கும். இந்தப் பாட்டுக்கு அவர் எடுத்தது பங்கிடுவதை. எடுத்து வைத்த இடமும் துறைவன் என்ற பெயருக்கு நேர் முன்னால்.

இன்னொன்று. களவு, அதாவது ரகசியக் காதல், நடந்த காலத்தைச் சொல்லும் முதல் பாதியில் ஒப்புமை மறைந்து நிற்கிறது. "இனியே" என்று பாட்டு திரும்பி, கல்யாணம் வந்தபிறகு "போல" என்று வெளிப்படையாக உவமை வருகிறது. காதல் மறைந்திருந்தபோது மறைந்த உவமை, வெளியே வந்ததும் வெளிப்படை உவமை. மணமும் மாறுகிறது. முன்னே புலால் வாடை, பின்னே ஞாழலும் புன்னையும் நெய்தலும். இவ்வளவும் தற்செயலாக அமையுமா?

பாம்பன் படகுக்காரன்:
புலால் என்றால் கெட்ட வாடை என்று யார் சொன்னது தங்கச்சி? எங்களுக்கு அது நல்ல மீன்பாடு விழுந்த நாளின் வாசம். பாட்டும் பாக்கம் புலால் கமழ்கிறது என்றுதான் சொல்கிறது. நீங்கள் உங்கள் மூக்கோடு படித்துவிட்டுப் புலவர் பேரில் ஏற்றுகிறீர்கள்.

மறைந்த உவமை, வெளிப்படை உவமை என்பதும் அப்படித்தான். துறைவன், சேர்ப்பன் என்று வந்தால் அதற்கு முன்னால் நாலு வரி கடற்கரை வருவது நெய்தல் பாட்டின் வழக்கம். எல்லாரும் செய்கிற ஒன்றை இவருடைய தனி நோக்கம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

அப்புறம் அந்த உவமையே எனக்கு இடிக்கிறது. போருக்கு ரகசியம் பேசிய இராமன் எங்கே, கல்யாணம் ஆனதும் வாய் மூடிய பெண்கள் எங்கே?

மண்டபம் ரயிலடி:
தோழி சொன்னது என்ற குறிப்பே பிற்காலத்தார் பாட்டின் கீழே எழுதியதுதானே? அதை நம்பி நோக்கம் பேசலாமா?

தொண்டி டீச்சர்:
குறிப்பை மூடிவிட்டுப் படித்தாலும் "நம்மொடு புணர்ந்த கேண்மை" என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் பேசுவது கேட்கிறதே, அது போதும்.

இராமன் உவமைக்கு வருகிறேன். பாட்டில் பறவை என்ற சொல்லே கிடையாது, கவனித்தீர்களா? விழுதுகள் நிறைந்த ஆலமரம் மட்டும்தான் இருக்கிறது. கிளையெல்லாம் பறவைகள் அடைந்து கத்தியதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அலர் என்கிற ஊர்ப்பேச்சும் அப்படித்தான், இன்னார் சொன்னார் என்று ஒருத்தியைக் கைகாட்ட முடியாது, நாலா பக்கமும் இரைச்சலாக இருக்கும். அது ஒரே ஆளின் செயலால் சட்டென்று நிற்கிறது. அங்கே இராமன், இங்கே கல்யாணத்துக்கு வந்து நின்ற துறைவன். பொருத்தம் போரில் இல்லை தம்பி, சத்தம் நின்ற விதத்தில் இருக்கிறது. கூடவே, நேற்றுவரை ஊர் வாயில் அடிபட்டவனை ஒரே வரியில் இராமனுக்குப் பக்கத்தில் நிறுத்தியாயிற்று.

கீழக்கரை வாசகி:
அந்த உவமை நம் ஊர்ப்பெண்களைக் கத்துகிற பறவைகளாக ஆக்குகிறது என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பேசுவது தோழி. வசவு வாங்கிய பக்கத்து ஆள். அவளிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியாது. அவளுக்கு இப்போது வேண்டியது தலைவி நிமிர்ந்து நடப்பது. அந்த வேலையை உவமை செய்துவிடுகிறது.

பாம்பன் படகுக்காரன்:
தோழியின் நோக்கம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவள் பேச்சு முழுசாக முன்னால் இருக்கிறது. புலவரின் நோக்கம் என்று பரீட்சைத் தாளில் எழுத வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தொண்டி டீச்சர்:
அப்படியானால் கடலை என்ன செய்வீர்கள்? ஆலமரம் அடங்குவதற்கு ஒரு வரி முன்னால் "முழங்கிரும் பௌவம் இரங்கும் முன்றுறை" என்று வைக்கிறார். முழங்கும் என்கிறார், இரங்கும் என்றும் சொல்கிறார். இரண்டும் சத்தம். மரம் அடங்கியது, ஊர் அடங்கியது, கடல் அடங்கவில்லை. அலைச்சத்தம் பின்னால் இருப்பதால்தான் அந்த அமைதி நம் காதில் விழுகிறது. தலைவியைத் தேற்ற வந்த தோழிக்கு அந்த முழக்கம் தேவையே இல்லை. தேவைப்பட்டது பாட்டைக் கட்டியவருக்கு.

பாம்பன் படகுக்காரன்:
தனுஷ்கோடியில் நின்றால் தெற்கே, ஆண்கடல் என்று நாங்கள் சொல்கிற அலைக்கடல் இரைந்துகொண்டே இருக்கும் டீச்சர். அங்கே அதை எழுதாமல் எதை எழுதுவார்?

கீழக்கரை வாசகி:
வடக்கே பெண்கடல் இருக்கிறதே அண்ணே, அலை அடங்கி. அதை அவர் எடுக்கவில்லை.

பாம்பன் படகுக்காரன்:
வாடைக்காலத்தில் வந்து பார், பெண்கடலும் முழங்கும். அவர் எந்த மாசத்தில் நின்று பார்த்தாரோ!

தொண்டி டீச்சர்:
மாசம் பாட்டில் இல்லை தம்பி, முழக்கம் இருக்கிறது. திங்கட்கிழமை அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிப் பாட்டைப் படிக்கச் சொல்லப்போகிறேன். என்ன குறைந்தது என்று பிள்ளைகளே எழுதட்டும். புலால் வாசத்தைப் பற்றி நீங்கள் சொன்னதையும் கேள்வியாக வைக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்.