வீட்டில் தோட்டா ரீலோடிங்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வந்து துப்பாக்கி சுடும் ஆர்வம் தொற்றிக்கொண்டவர்கள் அடுத்துக் கேட்பது ரீலோடிங் பற்றித்தான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டிலிருந்து பழைய பிரைமரை (அடிபட்டதும் பொறி கிளப்பிப் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தள்ளிவிட்டு, கூட்டைச் சரியான அளவுக்கு இறுக்கி, புது பிரைமர், பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்கும் வேலை.

கருவிக்குப் போகும் முன் விசாவைப் பாருங்கள். எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற குடியேற்றமில்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், அந்தச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமில்லை. கூடு, பிரைமர், குண்டு, பவுடர் எல்லாமே தனித்தனியாகவும் அதற்குள் வரும். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. இங்கே முறையாக எடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆனாலும் ஒரு வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டமும் வாடகை ஒப்பந்தமும் வேறு கதை, இரண்டையும் படித்துவிடுங்கள். செய்த தோட்டாவை விற்றுப் பிழைக்க நினைத்தால் அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும்.

சரி, கருவிக்கு வருவோம். முதல் பிரஸ் (கைப்பிடியை இழுத்துக் கூட்டை இறுக்கவும் குண்டு வைக்கவும் உதவும் இயந்திரம்) சிங்கிள் ஸ்டேஜாகவே இருக்கட்டும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு வேலை. புரோகிரசிவ் பிரஸ் வேகமானதுதான், ஆனால் ஒரே இழுப்பில் நாலைந்து வேலை நடக்கும்போது எது தப்பியது என்று புதியவர் கண்ணுக்குத் தெரியாது. எந்தக் கம்பெனி பிரஸ், லீயா, ஆர்சிபிஎஸ்ஸா, ஹார்னடியா என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. பிரஸ்ஸை ஆடாத மேசையில் போல்ட் போட்டு இறுக்குவதுதான் முக்கியம்.

தராசு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. நமக்குப் பழக்கம் கிராம்; பவுடரை இங்கே அளப்பது கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், அதாவது ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட பதினைந்தரை. டிஜிட்டல் தராசில் ஒரு பொத்தான் தெரியாமல் அமுங்கினால் அலகு மாறிவிடும். திரையில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். தராசைப் போட்டுச் சற்று நேரம் சூடாக விடுங்கள். ஏசி காற்று படும் இடம் வேண்டாம், பக்கத்தில் செல்போனும் வேண்டாம். சோதனை எடைக்கல் வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எவ்வளவு பவுடர் என்பதற்குப் பவுடர், குண்டு கம்பெனிகள் அச்சிட்ட கையேடு மட்டும்தான் கணக்கு. அதிலும் தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறுங்கள். வாட்சப்பில் வந்த அளவு வேண்டவே வேண்டாம்.

பல கைத்துப்பாக்கிக் கூடுகளில் பவுடர் பாதிகூட நிரம்பாது, அதனால் இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது, தப்பு தெரியாமலே போய்விடும். குண்டு வைப்பதற்கு முன் கூடுகளை வரிசையாகக் கட்டையில் நிறுத்தி டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் எட்டிப் பாருங்கள். மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா. வேலை முடிந்ததும் பவுடரை அளந்து கொட்டும் குழாயில் மிஞ்சியதை அதே டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட வேண்டும். ராத்திரி முழுக்க விட்டால் சில பவுடர்கள் பிளாஸ்டிக்கை அரித்துக் கறையாக்கும். அதைவிட மோசம், மறுநாள் உள்ளே இருப்பது எந்தப் பவுடர் என்ற சந்தேகம்.

டையில் (பிரஸ்ஸில் மாட்டி, கூட்டை அளவுக்கு இறுக்கும் அச்சு) கூடு மாட்டிக்கொள்வது எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். கார்பைடு என்ற கெட்டியான பொருள் பதித்த டையில் நேர்சுவர் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு எண்ணெய் தேவையில்லை. கழுத்து குறுகிய ரைஃபிள் கூடுகளுக்குக் கட்டாயம் வேண்டும். ஸ்பிரே அடித்தால் அது காயும் வரை பொறுங்கள். ஈரத்தோடு ஏற்றினால்தான் பெரும்பாலும் மாட்டும். அளவுக்கு மிஞ்சித் தடவினால் கழுத்துக்குக் கீழே உள்ள தோள்பகுதி நசுங்கும். இறுக்கம் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் அழுத்தினால் கூட்டின் விளிம்பு பிய்ந்து வந்து, கூடு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் துளை போட்டுத் திருகாணியால் இழுக்கும் கிட் ஒன்றுதான் வழி.

பிரஸ்ஸைக் கெடுப்பது பழைய பிரைமரிலிருந்து உதிரும் கறுப்புத் தூள். மேலும் கீழும் போகும் தண்டில் படிந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஒவ்வொரு வேலை முடிவிலும் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி. இணைப்பு மூட்டுகளுக்கு கிரீஸ். அந்த எண்ணெய்க் கையோடு பிரைமரைத் தொடாதீர்கள், பிரைமர் செத்துப்போகலாம். டைகளை அவ்வப்போது கழற்றிக் கழுவிக் காயவைத்து, எண்ணெய் பூசி, சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கள். பேஸ்மென்ட், கராஜ் ஈரத்தில் துரு வேகமாகப் பிடிக்கும். அடுத்த தடவை எடுக்கும்போது உள்பக்க எண்ணெயைத் துடைத்த பிறகே மாட்டுங்கள். பிரைமர் தள்ளும் ஊசி உபரியாக ஒன்றிரண்டு இருக்கட்டும். அடியில் இரண்டு சின்னத் துளை உள்ள பெர்டான் வகைக் கூடு நடுவில் கலந்துவிட்டால் ஊசி உடையும்.

அந்தக் கறுப்புத் தூளில் ஈயம் இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கூடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். தூசு கிளப்பும் உலர் தேய்ப்புக்குப் பதில் தண்ணீரில் ஸ்டீல் ஊசி போட்டுத் தேய்ப்பது நல்லது. மேசையில் காபி கூடாது. கொட்டிய பவுடரை வீட்டு வாக்குவம் கிளீனரில் உறிஞ்சவும் கூடாது, பிரஷ்ஷும் முறமும் போதும். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் போட்டிருங்கள். பல ஊர்களில் பின்பற்றும் என்எஃப்பிஏ (அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம்) 495 விதிப்படி, வீட்டில் புகையற்ற பவுடர் அதன் சொந்த டப்பாவில் 20 பவுண்டு வரை, பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள்.

கடைசியாகப் பை. சுடும் ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பவுடரும் பிரைமரும் எந்த லக்கேஜிலும் போகக்கூடாது. இந்திய விமான நிலையத்தில் பை மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகலாம். தெரியாமல் வந்தது என்று நிரூபிப்பதற்குள் விடுமுறை முழுவதும் ஸ்டேஷன், கோர்ட் என்று போய்விடும்.